உப்பை உணரும் கிருமி

ஐப்பசி, கார்த்திகையில் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்க, கழுவெளி ஏரி நிரம்பி ஓரத்து வயல்களெல்லாம் சேறாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்துப் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. ஈர மண்ணில் வாழும் பர்க்ஹோல்டெரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா மனித உடலை நோக்கிப் புறப்படுவது இத்தகைய மழைக்குப் பிறகுதான். அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்நோயாளிகளைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

இக்கிருமியை 1912இல் உலகுக்கு அறிவித்தவர்கள் ரங்கூனில் பணியாற்றிய ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். மார்ஃபியா பழக்கத்தால் நலிந்து இறந்த ஏழைகளின் உடல்களில்தான் அது முதலில் அகப்பட்டது. 'விட்மோர் நோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது, கிருஷ்ணசாமியைச் சொல்வாரில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

வெடித்த குதிகால் போதும், கிருமி உள்ளே போய்விடும். அதற்கு முன்பே உப்பு அதைத் தயார்ப்படுத்தக்கூடும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய பாதியளவு உப்பில் வளர்ந்த கிருமிகளிடம் 'பிஎஸ்ஏ' என்னும் நுண்ணூசி அமைப்பின் மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. நுரையீரல் செல்களுக்குள் கிருமிகள் நுழைவதும் அதிகரித்தது. உப்புநீர் ஏறி இறங்கும் கழிமுகக் கரையில் வாழும் நமக்கு இந்தச் செய்தி முக்கியம்.

உடலின் காவல் செல்லான மேக்ரோஃபேஜ், கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைத்துச் செரிக்கப் பார்க்கும். சில மணி நேரத்தில் அந்த ஊசிகளின் துணையோடு கிருமி பையைக் கிழித்து வெளியேறிவிடும். அடுத்து நடப்பதை 2015இல் சிங்கப்பூரில் கான் யுன் ஹ்வென் குழு விளக்கியது. கிருமியின் சவ்வில் 'விர்ஏ' என்ற உணர்வுப் புரதம் கந்தகப் பிணைப்பால் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். செல்லின் உட்சாறில் நிறைந்திருக்கும் குளூட்டாதையோன் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. புரதங்கள் தனித்தனியானதும், வெளியே அடங்கிக் கிடந்த ஆறாம் வகைச் சுரப்பமைப்பின் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. நம் செல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பொருளே கிருமிக்கு 'உள்ளே வந்துவிட்டாய்' என்று சொல்லிவிடுகிறது.

பிறகு கிருமி செல்லின் ஆக்டின் இழைகளையே வாலாக்கிக்கொண்டு பாய்கிறது. விழித்துக்கொண்ட சுரப்பமைப்பின் துணையோடு அண்டைச் செல்களை ஒன்றாக உருக்கிப் பல உட்கருக்கள் கொண்ட பூதச் செல்லாக்குகிறது. இப்படிச் செல்லுக்கு வெளியே வராமலே பரவும்போது எதிர்ப்பொருள்களுக்கு அது சிக்குவதில்லை.

நோயாளிக்கோ விடாத காய்ச்சலும் இருமலும், எக்ஸ்ரேயில் ஒரு நிழலும்தான். சர்க்கரை நோய் இருப்பவர்களே அதிகம் சிக்குகிறார்கள். பலருக்கு முதலில் காசநோய் என்றே முடிவாகிறது. ஆய்வகம் கிருமியை வளர்த்தெடுத்தாலும் சாதாரண சூடோமோனாஸ் என்று எழுதிவிடுவதுண்டு. சரியான பெயர் தெரிந்தால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது 10 நாளாவது நரம்பில் ஏற்ற வேண்டும். செல்லுக்குள் ஒளிந்திருப்பவை மீண்டும் கிளம்பாதிருக்க, அதன் பின் 3 மாதமாவது கோட்ரைமாக்சசோல் மாத்திரை.