மொரப்பூர்ச் சிறு ரயிலின் தடம்

சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதை, மொரப்பூரைத் தாண்டியபின் பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாகச் சேர்வராயன் மலையின் அடிவாரத்தைத் தழுவிச் செல்கிறது. கோடை விடுமுறையில் ஏற்காடு செல்லும் நம்மில் பலர் மொரப்பூர் நிலையத்தைத் தூக்கக் கலக்கத்திலேயே கடந்திருப்போம். அங்கிருந்து மேற்கே தருமபுரிக்கு ஒரு சிறு ரயில் ஓடியதை இன்று அறிந்தோர் மிகச் சிலரே.

அந்த ரயில் பஞ்சத்தின் பிள்ளை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தை உள்ளடக்கிய பத்தாண்டில், அந்நாளைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய ரயில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆயினும் நிலையத்தில் இறங்கும் தானியத்தை உள்ளூர்களுக்குக் கொண்டுசெல்ல வண்டிமாடுகள் வேண்டும்; வறட்சியில் மாடுகளும் மடிந்தன. (ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது போலவே, விலை அதிகமுள்ள ஊர்களுக்குக் கொண்டும்போனது என்பதையும் நாம் மறைக்கலாகாது.) இந்தப் பட்டறிவின் விளைவாகவே, பஞ்சக் காப்பாகக் கிளைப்பாதைகள் இடப்பட்டன. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் ரயில் ஓடிற்று. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது.

இவற்றின் அகலம் இரண்டரை அடிதான். பெரிய பாதைக்கோ ஐந்தரை அடி. ஆகவே ஒவ்வொரு மூட்டையும் மொரப்பூரில் ஆள்தோளில் வண்டி மாறவேண்டும். எனினும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் அந்த மேடுபள்ளமான புன்செய் நாட்டில், பாதை போட்டவர்களின் உழைப்பு சிறிதன்று. ரயில் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தை ஏறாது. எனவே மேட்டை வெட்டினார்கள். அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்பினார்கள். ஓடைகளுக்குப் பாலம் கட்டினார்கள். மாட்டுவண்டிப் பாதை ஏறி இறங்கிய நிலத்தில், ரயிலுக்கு மட்டும் ஒரு மெல்லிய சரிவு அமைந்தது.

1941இல், உலகப் போரின் நடுவே, இரு பாதைகளும் மூடப்பட்டன. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் போர்த் தேவைக்குச் சென்றன. பசியிலிருந்து காக்க இட்ட இரும்பு போருக்குப் போயிற்று. போருக்குப்பின் அது திரும்பவில்லை. பிற்காலத்தில் தருமபுரிக்கும் ஓசூருக்கும் சேலம்–பெங்களூர் பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றளவும் ரயில் இல்லை.

இரும்பு போனாலும் கரை இருந்ததே! அதை என்ன செய்திருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு விடை உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில், எல்ராய்க்கும் ஸ்பார்டாவுக்கும் இடையே பண்ணை நிலங்களினூடே சென்ற ஒரு ரயில்பாதை கைவிடப்பட்டபோது, 1960களிலேயே அதை மிதிவண்டிப் பாதையாக்கினர். சுமார் 51 கிலோமீட்டர். நடுவே மூன்று சுரங்கங்கள். எஞ்சினுக்காக அமைத்த சரிவு சைக்கிளுக்கும் இதமானது. முதியவரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். ஆனால் நம்மைக் கவர்வது உல்லாசமன்று. 1983இல் அந்நாடு இயற்றிய ஒரு சட்டத் திருத்தமே. அதன்படி, ஓட்டம் நின்ற பாதையின் நிலத்தைத் துண்டாக்காமல் நடைபாதையாகவோ மிதிவண்டிப் பாதையாகவோ காத்துவரலாம். பின்னொரு நாள் தேவைப்பட்டால் ரயில் அதன்மீதே திரும்பலாம். மிதிவண்டி அங்கே காவற்காரன்.

மொரப்பூர்த் தடத்திற்கு அப்படியொரு காவல் வாய்க்கவில்லை. தருமபுரி மக்கள் பல்லாண்டுகள் ரயில் கேட்டு மனு எழுதினார்கள். 2019இல், சுமார் 36 கிலோமீட்டர் நீளத்தில் மொரப்பூர்–தருமபுரி புதிய அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முதலில் வேண்டியிருந்தது இரும்பன்று, நிலம். அளவைக் கற்களோடு அதிகாரிகள் மீண்டும் அதே வட்டாரத்து உழவர்களின் வயல்களில் இறங்க வேண்டியதாயிற்று.