கசிவைத் தடுத்த பசைகள்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க முற்படுபவர் அதன் பழுதுபார்க்கும் கையேட்டைத் திறக்கிறார். ‘இந்த இணைப்பில் இன்ன பசையைத் தடவிப் பூட்டுக’ என்று அதில் இருக்கிறது. கடையில் கேட்டால், அந்தப் பசை இப்பொழுது வருவதில்லை என்கிறார்கள். பிஸ்டன் கிடைக்கிறது, வளையங்கள் கிடைக்கின்றன, ஒரு சிறு டியூப் பசை கிடைப்பதில்லை. இஃது அற்பமான குறை போலத் தோன்றலாம். ஆனால் அதன் இடத்தில் பொருந்தாத ஒன்றைத் தடவினால், பாடுபட்டுப் புதுப்பித்த எஞ்சினே பாழாகக் கூடும்.

அப்படியானால் எதைத் தடவுவது? இக்கேள்விக்கு விடை காண, அந்தப் பசைகள் ஏன் பிறந்தன, ஏன் மறைந்தன என்பதை முதலில் அறிய வேண்டும்.

பசை எதற்கு?

கண்ணாடி போல வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாகவே இருக்கும். அத்தகைய இரு பரப்புகளைச் சேர்த்துப் போல்ட்டுகளால் இறுக்கினாலும், பள்ளங்களின் வழியே எண்ணெயும் நீரும் கசியும். இதைத் தடுக்கவே தாள், தக்கை, செம்பு போன்றவற்றால் செய்த காஸ்கெட்டை இடையில் வைக்கிறோம். காஸ்கெட் மட்டும் போதாத இடத்திலும், காஸ்கெட்டே வைக்க முடியாத இடத்திலும் பசை தேவைப்படுகிறது.

எஞ்சின் சூடாகும்போது உலோகங்கள் விரிகின்றன. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இவ்விரண்டும் சேரும் இணைப்பு ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் சற்றே நகர்கிறது. அங்கே தடவிய பசை கல்லாக இறுகிவிட்டால் விரிசல் காணும். ஆகவே, பசை ஒட்டினால் மட்டும் போதாது. அந்த இடத்தின் இயல்புக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

செவ்வீயமும் அவலரக்கும்

நீராவி எஞ்சின் காலத்தில் குழாய் இணைப்புகளுக்குச் செவ்வீயத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் தடவினார்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகும் தன்மையது. நன்றாக வேலை செய்த பசைதான். ஆனால் அதில் இருப்பது ஈயத்தின் ஆக்சைடு. ஈயம் உடலில் சேர்ந்தால் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும் நஞ்சு என்பதால் இப்பசை பட்டறைகளிலிருந்து விலகியது.

கார் வந்த பிறகு பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் கரையாத பொருள் வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தது அவலரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்கைத் தூய்மையாக்கிச் செய்வது இது. சோட்டா நாகபுரிப் பகுதியின் காடுகள் இதற்குப் பெயர் போனவை; இராஞ்சிக்கு அருகே 1924இல் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பழைய கிராமபோன் தட்டுகளைச் செய்த அதே பொருள், சாராயத்தில் கரைக்கப்பட்டு, உலகெங்கும் கார்ப் பட்டறைகளில் காஸ்கெட் பசையாகவும் பயன்பட்டது.

அவலரக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோலில் கரையாத அது சாராயத்தில், அதாவது எத்தனாலில், கரைந்துவிடும். 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ மாடல் காரின் கார்புரேட்டரில், பெட்ரோலின் அளவைக் காக்கும் மிதவை தக்கையால் ஆனது. தக்கை பெட்ரோலில் ஊறாமல் இருக்க அதன்மேல் அவலரக்கு பூசியிருந்தார்கள். வெறும் பெட்ரோல் ஊற்றிய காலத்தில் அந்தப் பூச்சால் தொல்லை இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றினால் பூச்சு கரைகிறது. தக்கை ஊறிக் கனக்கிறது. மிதவை மிதக்க மறுக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை 2025இல் எட்டப்பட்டது. பசை மாறாமல் இருந்தும் அதைத் தொடும் திரவம் மாறிவிட்டால், கையேட்டில் சொன்ன பசையே தவறான பசையாகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

கல்நார் போன கதை

வெப்பம் மிகுந்த இடங்களுக்குக் கல்நாரே அரசனாக இருந்தது. செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நாரை வைத்துச் செய்த காஸ்கெட்டுகள் சிலிண்டர் தலைக்குப் போடப்பட்டன. கல்நார் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானபின் நாடுகள் ஒவ்வொன்றாக அதைத் தடை செய்தன. பிரிட்டன் 1999இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இலும் தடை நிறைவு பெற்றது. அதன் இடத்தைக் கிராஃபைட்டும் அராமிட் போன்ற செயற்கை இழைகளும் பிடித்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய எஞ்சினைப் பிரிக்கும்போது வெளிவருவது கல்நார்க் காஸ்கெட்டாக இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, சுழலும் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. தூள் பறக்காதபடி நனைத்து, முறையான முகமூடி அணிந்தே அகற்ற வேண்டும்.

காயாத பசையும் காற்றில்லாமல் இறுகும் பசையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்று புதிய வகைகள் தோன்றின. முதலாவது, ஹைலோமார் என்னும் நீலப் பசை. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் ஜெட் எஞ்சின்களை ஒட்டி வளர்ந்தது இது. பாலியெஸ்டர் யூரித்தேன் என்னும் பொருளால் ஆன இது எத்தனை நாளானாலும் காய்ந்து இறுகுவதில்லை. பரப்புகள் நகர்ந்தால் தானும் நகரும். மறுபடி பிரிக்க வேண்டுமானால் உளி வேண்டியதில்லை.

இரண்டாவது வகையைக் கண்டவர் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள். ஒருவகைத் திரவம் ஆக்சிஜன் உள்ளவரை திரவமாகவே இருந்து, காற்று அற்றதும் இறுகிப் பிளாஸ்டிக் ஆகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அதற்குள் இடைவிடாது காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்தான் அது இறுகாமல் இருக்கும். இப்படிப்பட்ட பொருளை எந்தக் கடையில் வைத்து விற்பது? கிரீபிள் 1953இல் இதை நிலைப்படுத்தும் வழியைக் கண்டார். காற்றை உள்ளே விடும் பாலித்தீன் புட்டியில் இடம் விட்டு ஊற்றி வைத்தால் அது பல மாதம் திரவமாகவே இருந்தது. உலோகங்களுக்கு இடையே அகப்பட்டுக் காற்று இழந்ததும் இறுகியது. லாக்டைட் என்ற பெயரில் உலகம் அறிந்தது இதைத்தான்.

மூன்றாவது, காற்றின் ஈரத்தால் ரப்பராக இறுகும் சிலிகோன். பெரிய இடைவெளியையும் நிரப்பும் என்பதால் பட்டறைகளில் இதற்கு மிகுந்த செல்வாக்கு. ஆயினும் இது பெட்ரோலில் உப்பிக் கெடும். இறுகும்போது காடி மணம் வீசும் வகை, அசெட்டிக் அமிலத்தை வெளிவிட்டு உலோகத்தை அரிக்கும். 1976இல் வால்வோ கார்களில் தொடங்கி, புகைபோக்கியில் ஆக்சிஜன் உணர்வி பொருத்தும் வழக்கம் பரவியபோது, சில சிலிகோன்களின் ஆவி அந்த உணர்வியைக் கெடுப்பதும் தெரியவந்தது. அதன்பின் உணர்விக்கு ஊறு செய்யாத வகைகள் தனியே வந்தன.

பசையின் பெயர் நிலைத்தாலும் உள்ளிருப்பது மாறுவதுண்டு. ஹைலோமாரின் பழைய வகையில் கரைப்பானாக இருந்தது டைகுளோரோமீத்தேன். இதன் ஆவி உடலுக்குத் தீங்கானது. இந்தக் கரைப்பானின் பெரும்பாலான பயன்பாடுகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் தடை செய்தது. அதற்கு முன்பே வேறு கரைப்பான் கொண்ட ஹைலோமார் வகைகளும் வந்துவிட்டன. கரைப்பான் மாறினால் உலரும் நேரமும் மாறும். எனவே பழைய கையேட்டின் நிமிடக் கணக்கை விட்டு, இப்போதைய டியூபில் அச்சிட்ட குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

வேன்கார்டு எஞ்சின் தரும் பாடம்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1947இல் அறிமுகப்படுத்திய வேன்கார்டு காரின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஃபெர்கூசன் டிராக்டரிலும், டிரையம்ஃப் டி.ஆர். 2 முதலான கார்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்கள் ஓடின. சென்னையில் 1985இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 காரிலும் இக்குடும்பத்து எஞ்சினே இருந்தது.

இதன் சிலிண்டர்கள் எஞ்சின் உடலோடு வார்க்கப்பட்டவை அல்ல. தனித்தனிக் குழாய்களாகச் செருகப்பட்டவை. அவற்றைச் சுற்றிக் குளிர்விக்கும் நீர் நேரடியாக ஓடும். பட்டறையில் இவற்றை வெட் லைனர் என்பார்கள். லைனர்களின் அடியில், இரண்டு லைனருக்கு ஒன்றாக, எட்டு என்னும் எண்ணின் வடிவில் மெல்லிய காஸ்கெட் உண்டு. அதற்கு மேலே நீர். கீழே சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டி. அங்கே கசிவு ஏற்பட்டால் நீர் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் பால் போல வெளுக்கும். பேரிங்குகள் தேய்ந்து போகும்.

மேல் முனையிலோ, லைனர் எஞ்சின் உடலைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை உயர்ந்து நிற்க வேண்டும். அப்பொழுதுதான் சிலிண்டர் தலையின் காஸ்கெட் சரியாக அழுந்தும். பழைய பசை கிடைக்கவில்லை என்று அடியில் சிலிகோனைத் தாராளமாகப் பிதுக்கினால் என்ன ஆகும்? தடித்த படலம் லைனரை உயர்த்தி அந்த நுட்பமான அளவைக் குலைக்கும். உள்ளே பிதுங்கிய துணுக்கு அறுந்து விழுந்து எண்ணெய் உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கும். கசிவைத் தடுக்கப் போட்ட பசையே எஞ்சினைக் கொன்றுவிடும். இங்கே பொருந்துவது மெல்லியதாகப் பரவி, நீருக்கும் எண்ணெய்க்கும் தாங்கி, காயாமல் நிற்கும் வகை.

வோக்ஸ்வாகன் பீட்டிலின் நிலை வேறு. 2003 வரை உற்பத்தியான அந்தக் காரின் எஞ்சின் உடல் இரு பாதிகளாக வார்க்கப்பட்டது. கிராங்க் தண்டின் பேரிங்குகள் இரு பாதிகளுக்கும் நடுவே அமைகின்றன. இடையே காஸ்கெட் வைத்தால் அதன் கனம் பேரிங்கின் பிடியைத் தளர்த்திவிடும். ஆகவே பசை மட்டுமே தடவ வேண்டும்; அதுவும் உலோகம் உலோகத்தைத் தொடும் அளவுக்கு மெல்லியதாக. காயாத பசையோ, காற்றில்லாமல் இறுகும் பசையோ இதற்கு ஏற்கும். இறுகும் வகை, இரும்பில் விரைந்தும் இலேசான உலோகங்களில் மெதுவாகவும் இறுகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெயரல்ல, வேலை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று. பழைய பசைகள் பல, வேலை செய்யாததால் மறைந்தவை அல்ல. நஞ்சு என்று தெரிந்ததாலும், கரைப்பான் தடைப்பட்டதாலும், சிறந்த பொருள் வந்ததாலும் மறைந்தன. பசை மறைந்தாலும் அது செய்த வேலை அந்த இணைப்பில் அப்படியே காத்திருக்கிறது.

ஆகவே, மறைந்த பசையின் பெயரைத் தேடிக் கடை கடையாக அலைவதைவிட, இணைப்பை நோக்கிச் சில கேள்விகள் கேட்பது நலம். இவ்விடத்தை எந்தத் திரவம் தொடுகிறது? எவ்வளவு சூடாகிறது? இடைவெளி எவ்வளவு? பரப்புகள் நகருமா? நாளை மறுபடி பிரிக்க வேண்டியிருக்குமா? இவற்றுக்கு விடை எழுதி வைத்துக்கொண்டு டியூபின்மேல் உள்ள குறிப்பைப் படித்தால், ஏற்ற பசை எதுவென்பது தெரிந்துவிடும்.