சோதனை

யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுதுவதும் 'சோதினை'தான். வீதியில் மறித்து உடலைத் தடவிப் பார்ப்பதும் சோதனைதான். வடமொழியில் தூய்மையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் இது. தூய்மையாக்கல், குற்றங்குறை நீக்கல், ஆராய்தல் என்று அதன் பொருள் விரிந்தது.

போர்க்காலத்தில் 'சென்றி' (காவலரண்), 'செக்கிங்' என்ற சொற்களும் பேச்சில் ஊறிவிட்டன. பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்து, பையைத் திறந்து காட்டி, கைகளை உயர்த்தி நிற்க வேண்டும். இடுப்பிலும் காலிலும் கை படும். அது 'உடற்சோதனை'. நின்றவர்களுக்கு அது அவமானமாகவே இருந்தது.

ஆயுதம் உண்டா என்று பார்ப்பது பொலிஸாரின் உயிர்ப் பாதுகாப்புக்கு அவசியம், மறுப்பதற்கில்லை. ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் டெரி என்பவரின் வழக்கில் அந்த எல்லையைத்தான் வகுத்தது. இலங்கையிலோ 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், அதிகாரம் பெற்ற பொலிஸ் அதிகாரி நீதிமன்ற ஆணையின்றியே ஆட்களை மறித்துச் சோதிக்க இடமளித்தது. அதே ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பெண்ணைப் பெண்ணே கண்ணியம் தவறாமல் சோதிக்க வேண்டும் என்கிறது. சகோதரிகளே, மறிக்கப்பட்டால் பெண் பொலிஸைக் கேளுங்கள். அது சட்டம் தந்த உரிமை.