ஜி.ஆர்.ஈ. பரீட்சையும் இலக்கிய மாணாக்கரும்

அமெரிக்க சர்வகலாசாலைகளில் இலக்கியம், சரித்திரம், தத்துவம் முதலிய துறைகளில் ஆராய்ச்சிப் பட்டம் பெற விழைந்தோரை நெடுங்காலம் வாட்டிய ஜி.ஆர்.ஈ. என்னும் பரீட்சை, வாயிற்காவலனாக நிற்கும் பொருட்டுப் பிறந்ததன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபரில், கார்னெகி ஸ்தாபனத்தின் யத்தனத்தால், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு சர்வகலாசாலைகளில் அது முதன்முதலாக நடைபெற்றபோது, அதை எழுத உட்கார்ந்தவர்கள் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்ட முதலாண்டு மாணாக்கர்களே. வகுப்பில் அமர்ந்த மணிகளைக் கூட்டிப் பட்டம் வழங்கும் வழக்கத்தைக் கண்டித்து, 1928 முதல் பென்சில்வேனியாவின் கல்லூரி மாணவர்களைச் சோதித்து வந்த வில்லியம் லேர்னெட் என்பவர், ஒருவன் உண்மையில் எவ்வளவு ஞானம் சேர்த்திருக்கிறான் என்று அறிய விரும்பினார்; ஆகையால் கணிதத்தோடும் விஞ்ஞானத்தோடும் இலக்கியத்துக்கும் நுண்கலைகளுக்கும் அப்பரீட்சையில் இடம் இருந்தது.

அந்த விசாலம் நிலைக்கவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் படிப்புச் செலவை அளிக்க, கல்லூரிகள் நிரம்பின. 1948இல் இ.டி.எஸ். என்னும் பரீட்சை நிறுவனம் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டே மொழித்திறன், கணக்குத்திறன் என்ற இரு பகுதிகளைக் கொண்ட பொதுத் தேர்வு வந்தது. பின்னர் இலக்கியம் தனிப் பாடத் தேர்வுகளில் ஒன்றாக ஒதுங்கிற்று.

மில்டனை ஆராயப் புகுபவன் முக்கோணத்தின் பரப்பைக் கண்டு என்ன செய்வான்? இலக்கியத் துறையார் கணக்கு மதிப்பெண்ணைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி உதவித்தொகை வழங்கும் இடங்களில், பௌதிக மாணவனோடு அந்த எண்ணைக் கொண்டே அவன் போட்டியிட நேர்ந்தது. இலக்கியப் பாடத் தேர்வோ, பழைய ஆங்கிலக் காவியம் தொட்டு இக்கால நவீனம் வரை ஏறக்குறைய 230 வினாக்களைத் தொடுத்து, யார் எதை எழுதினார் என்னும் ஞாபகத்தையே பெரிதும் சோதித்தது. ஒரு பாடலின் முன் பொறுமையோடு அமர்ந்து பொருள் காணும் ஆற்றல் அதில் அகப்படவில்லை. பொதுத் தேர்வில் 2002இல் கட்டுரைப் பகுதி சேர்ந்தது. ஆனால் விண்ணப்பத்தோடு நீண்டதோர் ஆய்வுரையையே கேட்டு வாங்கும் துறைகளுக்கு, அரைமணியில் அவசரமாக எழுதிய கட்டுரையால் விளைந்த பிரயோசனம் சொற்பம்.

பின் ஏன் அது இவ்வளவு காலம் நீடித்தது? பல துறைகளின் சேர்க்கைக் குழுக்களை நேரில் கவனித்து ஜூலி போசெல்ட் 2016இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகிறது: பரீட்சையின் குறைகளை அறிந்த பேராசிரியர்களே, விண்ணப்பங்கள் குவிந்த முதற்சுற்றில், உயர்ந்த மதிப்பெண்ணைப் புத்திக்கூர்மையின் அடையாளமாகக் கொண்டனர். அயர்வும் அவசரமும் அதற்கு அதிகாரம் அளித்தன என்பதே என் அபிப்பிராயம்.

2020இன் கொள்ளைநோய்க் காலத்தில் தேர்வு மையங்கள் மூடப்பட, பல மானுடக்கலைத் துறைகள் ஜி.ஆர்.ஈ.யைக் கைவிட்டன, அவற்றுள் பல மீண்டும் அதைக் கேட்கவில்லை. 2021இல் இலக்கியப் பாடத் தேர்வே நின்றது. இதை நான் மனமார வரவேற்கிறேன். எனினும் ஒரு கவலை உண்டு. பெயரறியாத சிறு கல்லூரியில் பயின்று, புகழ்பெற்ற பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கிட்டாத ஓர் ஏழைப் பெண்ணுக்கு, அந்த மதிப்பெண் சில வேளை ஒரே சாட்சியாக இருந்தது. அச்சாட்சியை நீக்கிய துறைகள், முதற்சுற்றிலேயே அவளது ஆய்வுரையை முழுவதும் வாசிக்கக் கடமைப்பட்டிருக்கின்றன.