மூன்று குடங்களும் இரும்பேற்றிய உயிர்க்கரியும்

வங்கதேசத்தில் கிருமி மிகுந்த குளத்துநீருக்கு மாற்றாக 1970களில் குழாய்க்கிணறுகள் பெருகின. அந்நீரில் ஆர்சனிக் (உலோகப்போலியாயினும் கன உலோகங்களோடு எண்ணப்பெறுவது) கலந்திருப்பது 1993இல் தெரியவந்தது. அதனை நீக்க எழுந்த மூன்று குட வடிகட்டியின் மேற்குடத்தில் இரும்புச் சீவலும் மணலும், நடுக்குடத்தில் மரக்கரியும் மணலும் இடப்பெற்றன. அடிக்குடத்தில் நீர் சேர்ந்தது.

ஆர்சனிக்கைப் பற்றியது கரியன்று. இரும்பு துருப்பதால் விளையும் நீரேறிய ஆக்சைடே. கரியின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னூட்டமுடையது, ஆர்சனேட்டும் அவ்வாறே. ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். சீவல் நாளடைவில் இறுகி நீரோட்டத்தை அடைத்ததே அவ்வடிகட்டியின் பெருங்குறை. இரும்பைக் கூட்டுத் திணையாக்கி அக்குறையைக் களைந்த சோனோ வடிகட்டிக்காக வேதியியலாளர் அபுல் உசாம் 2007இல் கிரெய்ஞ்சர் பரிசு பெற்றார்.

இரும்பு உப்பில் ஊறிய உமி முதலியவற்றைக் காற்றுக் குறைந்த சூழலில் சுட்டுப் பெறும் உயிர்க்கரியில், இரும்பு ஆக்சைடு நுண்துளைகளில் படிகிறது. முற்றிலும் புதியதெனப் பேசப்படும் இப்பொருளை, இருகுடப் பணியை ஒரு துகளில் இணைத்ததன் தொடர்ச்சியாகக் கொள்வதே பொருந்தும். ஆர்சனிக் நிறைந்த கழிவை எங்கு இடுவது என்பதற்கு இரண்டிலும் விடையில்லை.