நெக்ஸ்ற் கணனி: ஒரு கருவியின் வரலாறு

கணனியின் வரலாற்றிலே விற்பனையில் தோல்வியுற்றும் பயனால் நிலைபெற்ற பொறிகள் சிலவே. 1988ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிமுகஞ் செய்யப்பட்ட நெக்ஸ்ற் கணனி அவற்றுள் ஒன்று.

1985இல் அப்பிள் கம்பனியை விட்டு விலகிய ஸ்ரீவ் ஜொப்ஸ், பல்கலைக்கழகங்களுக்கென ஒரு கணனியை ஆக்கும் நோக்குடன் நெக்ஸ்ற் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் மூன்று பண்புகளை வேண்டிநின்றனர்: பத்து இலட்சம் பைற்று நினைவகம், பத்து இலட்சம் புள்ளிகள் கொண்ட திரை, வினாடிக்குப் பத்து இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் வேகம். நெக்ஸ்ற் கணனி முதலாவதையும் மூன்றாவதையும் பன்மடங்கு விஞ்சியது. இரண்டாவதை ஏறத்தாழ எட்டியது. ஆயின் அதன் விலை 6,500 டொலர். அச்சுப்பொறிக்கு மேலும் 2,000 டொலர் செலுத்த வேண்டியிருந்தது.

அதன் வன்பொருள் அமைப்பை நோக்குமிடத்து இவ்விலைக்கான காரணம் புலனாகும். ஓரடிக் கனசதுரமான கரிய பெட்டி மக்னீசியத்தாலானது. மொட்டரோலாவின் 68030 முறைவழியாக்கியும், கணிதத்துக்கும் ஒலிக்குமான துணை முறைவழியாக்கிகளும், 8 மெகாபைற்று நினைவகமும் ஒரே சுற்றுப்பலகையில் இடம்பெற்றன. பெருங்கணனிகளின் முறையைப் பின்பற்றி, தட்டு, வலையமைப்பு, ஒலி முதலியவற்றின் தரவுகள் பிரதான முறைவழியாக்கியின் இடையீடின்றி நினைவகத்தைச் சென்றடையத் தனித்தனி வழிகள் அமைக்கப்பட்டன.

சேமிப்பகத்திலேதான் தவறு நேர்ந்தது. வன்தட்டுக்குப் பதிலாக, கனொன் நிறுவனத்தின் 256 மெகாபைற்றுக் காந்த-ஒளியியல் தட்டு முதன்மைச் சேமிப்பகமாயிற்று. மாணவன் ஒருவன் தன் முழு வேலையையும் ஒரே தட்டிற் சுமந்து செல்லலாம் என்பது எண்ணம். ஆயினும் அது வேகங் குறைந்தது. பணிசெயல் முறைமையும் அதே தட்டில் இருந்தமையாலும், நெகிழ்தட்டு வசதி இன்மையாலும், ஒரு கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதே சிரமமாயிற்று. 1990இல் வெளிவந்த புதிய வகைகள் இக்குறையை நீக்கினவெனினும் காலம் கடந்துவிட்டது. மொத்தம் ஏறத்தாழ 50,000 கணனிகளே உற்பத்தியாயின. 1993இல் நிறுவனம் வன்பொருள் உற்பத்தியைக் கைவிட்டது.

இவ்வைம்பதினாயிரத்துள் ஒன்று ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தைச் சென்றடைந்தது. 1990இல் றிம் பேர்ணேர்ஸ்-லீ அதனைக் கொண்டே உலகளாவிய வலையின் முதல் உலாவியையும் முதற் சேவையகத்தையும் ஆக்கினார். திரைச் சாளரங்களையும் பொத்தான்களையும் ஆயத்தமாகவே வழங்கிய நெக்ஸ்ற்ஸ்ரெப் மென்பொருள் அவரது பணியை விரைவுபடுத்தியது. அக்கணனியில், இது சேவையகம், மின்னை நிறுத்தலாகாது என்னும் கருத்துப்படக் கையால் எழுதிய குறிப்பொன்று ஒட்டப்பட்டிருந்தது. 1996இன் இறுதியில் நெக்ஸ்ற் நிறுவனத்தை வாங்குவதாக அப்பிள் அறிவித்தது. அம்மென்பொருளே 2001இல் வெளிவந்த மக் ஓஎஸ் எக்ஸ் முறைமைக்கு அடிப்படையாயிற்று.

பல்கலைக்கழகத்துக்கென ஆக்கப்பட்ட கருவி, விலையினால் மாணவர் பெரும்பாலாருக்கு எட்டாது போயிற்று. அது கைக்கு எட்டிய ஓர் ஆய்வாளர் ஆக்கியதோ விலையின்றி உலகுக்கு வழங்கப்பட்டது. சிறந்த கருவி யாருடைய மேசையைச் சென்றடைகின்றது என்ற வினா, அதன் அமைப்பைப் பற்றிய வினாவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.