தோட்ட எல்லையில் நின்ற உள்ளூராட்சி: பதுளை மாவட்டத்தை முன்வைத்து

மலையகத் தமிழரின் அரசியல் வரலாற்றைப் பிரஜாவுரிமையின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். 1948ல் பறிபோனது, 1964ல் இரு நாடுகள் பங்குபோட்டுக்கொண்டன, 2003ல் எஞ்சியோருக்கும் கிடைத்தது என்று அந்த வரலாறு முடிகிறது. உள்ளூராட்சியின் பக்கமிருந்து பார்த்தால் தொடக்கம் பத்தாண்டு முந்தியது. முடிவோ இன்னும் வரவில்லை.

1931ன் டொனமூர் அரசியலமைப்பு, பல நிபந்தனைகளோடுதான் என்றாலும், தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு அரசாங்க சபைத் தேர்தலில் வாக்குரிமை அளித்தது. கிராமக் குழுக்களுக்கு அந்த உரிமை நீளவில்லை. 1937ல் கிராமக் குழுச் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது இந்தியத் தொழிலாளரை விலக்கும் வாசகம் முன்வைக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. உடனே இனப்பெயர் நீங்கியது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று ஏற்பாடு மாறியது. விளைவு பெரிதாக மாறவில்லை, ஏனெனில் தோட்டத்தில் குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்திய வம்சாவளியினரே. 1948ன் சட்டத்துக்குக் கிடைத்த கவனத்தில் பத்திலொரு பங்குகூட இந்தத் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை. தோட்டம் கிராமத்தில் சேராது என்ற எண்ணம் சட்டத்தின் பலம் பெற்றது இங்கேதான் என்பது என் துணிபு.

1947 பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அக்கட்சியிலிருந்து தெரிவான எழுவரில் அவர் ஒருவர். நாட்டின் சட்டங்களை இயற்ற ஆள் அனுப்ப முடிந்த தொழிலாளிக்கு, பக்கத்துக் கிராமத்தின் பாதையையும் கிணற்றையும் தீர்மானிக்கும் சபையில் குரல் இல்லை. அடுத்த ஐந்தாண்டில் மேல்மட்டக் கதவும் அடைபட்டது. 1948ன் 18ம் இலக்கச் சட்டமும் 1949ன் 3ம், 48ம் இலக்கச் சட்டங்களும் வாக்காளர் இடாப்பைக் காலியாக்கின. கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953ல் பிரிவி கவுன்சில் அச்சட்டங்கள் செல்லும் என்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ம் பிரிவு தந்த சிறுபான்மைக் காப்பு கைகொடுக்கவில்லை. இனத்தைப் பெயர் சொல்லாத வாசகம் நீதிமன்றத்தில் நிலைக்கும் என்பது அங்கே உறுதியானது. அந்த வழியை 1937 ஏற்கெனவே காட்டியிருந்தது.

1970களின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1986, 1988ம் ஆண்டுச் சட்டங்கள் பெரும்பாலோருக்கு வாக்கைத் திருப்பித் தந்தன. இடையில் 1987ல் 13ம் திருத்தமும், பிரதேச சபைகள் சட்டமும் (15ம் இலக்கம்) வந்தன. ஊவா மாகாண சபைக்கும் பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை போன்ற பிரதேச சபைகளுக்கும் தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். ஆனால் சபையின் பணம் தோட்டத்துக்குள் போகச் சட்டத்தின் 33ம் பிரிவு இடம் தரவில்லை. இதன் பொருள் என்னவென்று அங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். டவுனிலிருந்து வரும் தார்ப் பாதை தோட்ட எல்லையோடு நின்றுவிடும். அதற்கப்பால் கொழுந்து லொறி ஓட எவ்வளவு தேவையோ அவ்வளவே செப்பனிடப்படும். பீலித் தண்ணீரும் லயத்துக் கூரையும் துரையின் பொறுப்பு. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம்கூடத் தோட்ட ஆபீசுக்கே வரும். 1992க்குப் பின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனபோதும் இந்த ஏற்பாடு கலையவில்லை. வாக்காளருக்கும் அவர் தெரிவுசெய்த சபைக்கும் நடுவே ஒரு கம்பனி நின்றது.

அதற்குக் கொடுத்த விலையை மீரியபெத்தையில் கண்டோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை அங்கிருந்தவர்களோடு மூடியது. அந்த இடத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. மக்களை எழுப்பியிருக்க வேண்டியவர் யார் என்ற விவாதம் பின்னர் நீண்டது. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: எழுந்து எங்கே போவது? கிராமத்தவருக்குச் சொந்தக் காணியோ அரசின் அனுமதிப்பத்திரக் காணியோ இருக்கும். பல தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவருக்கு அந்த அறைகூடச் சொந்தமில்லை. அந்தச் சாவுகளை இயற்கையின் கணக்கில் மட்டும் எழுதிவிட என்னால் முடியாது.

2018ன் 30ம் இலக்கத் திருத்தச் சட்டம் 33ம் பிரிவை மாற்றி, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் செலவிட வழி திறந்தது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் அதே ஆண்டின் 32ம் இலக்கச் சட்டத்தால் உருவானது. எண்பதாண்டுத் தடை தளர்ந்தது பெரிய வெற்றிதான். ஆனால் அந்த அதிகாரத்தைக் கையாண்ட முதல் சபைகளின் காலத்தைக் கொவிட்டும் பொருளாதார நெருக்கடியும் விழுங்கின. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ல்தான் நடந்தது; அதுவரை சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். ஊவா மாகாண சபைக்கோ 2014 செப்டம்பருக்குப் பின் தேர்தலே இல்லை; 2019ல் அதன் காலம் முடிந்தபின் ஆளுநரின் கையில் இருக்கிறது.

எனவே இன்றைய அரசியலமைப்பு விவாதத்தில் மலையகத்தின் இடத்தை அதிகாரப் பகிர்வோடு மட்டும் நிறுத்த முடியாது. சபைக்குச் செலவிடும் அதிகாரம் வந்துவிட்டது, காணி வரவில்லை. தோட்டக் காணி 53 ஆண்டுக் குத்தகையில் 2045 வரை கம்பனிகளிடம் இருக்கிறது. லயங்களும் அவற்றைச் சுற்றிய பாதை, பள்ளிக்கூடம், மயானம் ஆகியவையும் உள்ள நிலத்தை அந்தக் குத்தகையிலிருந்து அளந்து விடுவித்து, குடியிருப்பவர் பெயரில் உறுதி எழுதி, வர்த்தமானியில் கிராமமாக அறிவிக்க வேண்டும். 2045 வரை அதற்குக் காத்திருக்க எந்த நியாயமும் இல்லை.